எந்த நாடு, ஆற்ற பிள்ளை?

ஓகஸ்ட் 11, கொக்குவில்

காலையில் ஓடாவிட்டால் என் மகளுக்கு நாள் தொடங்காது. நோர்வேயில் தெருவெல்லாம் உறைந்து கிடக்கும்போதும் சப்பாத்துக்கு அடியில் இரும்பு முள்ளை மாட்டிக்கொண்டு ஓடுகிறவள், யாழ்ப்பாணத்து வெயிலுக்குப் பயந்து அந்தப் பழக்கத்தை விடுவாள் என்று நான் நினைக்கவில்லை. நேற்று இரவு வந்து சேர்ந்த களைப்புத் தீராமலே இன்று ஐந்தரை மணிக்கு எழுந்தாள். அரைக்காற்சட்டை வேண்டாம் என்று நான் சொன்னதை மட்டும் கேட்டு, கணுக்கால் வரை நீண்ட கறுப்புக் காற்சட்டையும் தொளதொளத்த மேற்சட்டையுமாகப் படலையைத் திறந்துகொண்டு ஓடிவிட்டாள்.

அவள் திரும்பி வருவதற்கு முன்பே செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. முதலில் பால் கொண்டுவந்தவர் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, "உங்கட வீட்டுக்கு வந்து நிக்கிற பிள்ளை ஸ்ரேசன் பக்கமா ஓடுது. ஏதும் பிரச்சினையோ அக்கா?" என்று கேட்டார். அவர் போத்தலை நீட்டி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. என் அக்காவோடு ஒன்றாகப் படித்தவர் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். "என்னடி, பிள்ளை கோவிச்சுக்கொண்டு வெளிக்கிட்டுட்டுதோ?" என்று அவர் கேட்ட குரல் முற்றத்தில் நின்ற எனக்கே கேட்டது. அக்கா மெத்தச் சாவகாசமாக, "இல்லையடி, உடம்புக்கு ஓடுறாள்" என்றாள். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உடம்புக்கு என்ன?" என்று அடுத்த கேள்வி வந்தது.

ஏழு மணிக்கு முகம் சிவக்க வந்த மகள் கிணற்றடியில் உட்கார்ந்து கதை சொன்னாள். சைக்கிளில் போன பெரியவர்கள் இறங்கி நின்று பார்த்ததோடு விடவில்லை. அவர்களில் ஒருவர் வந்த வழியே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு சிறிது தூரம் கூடவே வந்திருக்கிறார். ஒழுங்கைக்கு ஒன்றாக நாய்கள் சேர்ந்துகொண்டன. சந்திக் கடையைத் திறந்துகொண்டிருந்த ஐயா, கையிலிருந்த தும்புத்தடியோடு நடுத்தெருவுக்கு வந்து, "பிள்ளை, ஆர் துரத்துறாங்கள்? நீ உள்ளுக்கு வா" என்று கடை வாசலைக் காட்டியிருக்கிறார். ஒருவரும் துரத்தவில்லை என்று இவள் சொல்ல, அவர் நம்பாமல் அவள் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தாராம். ஐந்தடி பத்தங்குல உயரம், காதுக்கு மேலே கத்தரித்த தலைமயிர், காதில் வயரில்லாத கருவி. அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மகள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் முடிவில், "அம்மா, இஞ்ச வந்தா என்னை ஒருத்தரும் பாக்காயினம் எண்டு நினைச்சன்" என்றாள். அவள் பிறந்து வளர்ந்த இடத்தை அறிந்தவர்களுக்குத்தான் அந்த நினைப்பு விளங்கும்.

நோர்வேயின் வடகிழக்கு மூலையில், பாரென்ட்ஸ் கடலுக்குள் இருக்கும் தீவு நகரம் வார்டோ. பெருநிலத்திலிருந்து வாகனத்தில் போவதானால் கடலுக்கு அடியால் போகும் சுரங்கப்பாதை வழியாகத்தான் அங்கே போக வேண்டும். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி கடந்துதான் மீண்டும் தலைகாட்டும். எண்பதுகளில், பரீட்சையில்லாத விடுதிப் பள்ளிகளான மக்கள் உயர்கல்விப் பள்ளிகளில் படிக்கவென்று நோர்வேக்குப் போன எங்கள் பெடியள் பலர், வேலை தேடி அந்த வடக்குக் கரையிலிருந்த மீன் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என் கணவர் அவர்களில் ஒருவர்; 1991 இல் நானும் போய்ச் சேர்ந்தேன். அங்கே தெருவில் ஒருவரும் என்னை நேருக்கு நேர் பார்க்கவில்லை. ஆனால் யன்னலோரத்துப் பூச்சட்டிகளுக்குப் பின்னால் ஆள் அசைவது தெரியும். நிமிர்ந்து பார்த்தால் பூச்சட்டி மட்டும் இருக்கும். கண்ணோடு கண் பட்டுவிட்டால் பார்வையை விலக்கிக்கொள்வது அங்கே மரியாதை. அந்த மரியாதையின் காரணமாக, தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று மீன் வெட்டிய பெண் என்னை எந்த நாடு என்று கேட்பதற்கு ஒரு குளிர்காலம் முழுவதும் கடக்க வேண்டியிருந்தது. என் மகளும் வகுப்புப் படத்தில் ஒரே கறுத்தப் பிள்ளையாக, எல்லோரும் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கும் ஊரில் வளர்ந்தவள். இங்கே எல்லோரும் தன் நிறம், எல்லோரும் தன் முகவெட்டு, ஆகவே கூட்டத்தில் கரைந்துபோகலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். உயரத்தையும் தலைமயிரையும் நடையையும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஓகஸ்ட் 12, திருநெல்வேலிச் சந்தை

சோளகக் காற்று புழுதியை வாரி அடிக்கிறது. எட்டு மணிக்கே வெயில் முதுகைச் சுட்டது. அக்கா வீட்டிலிருந்து சந்தைக்குப் போக ஓட்டோக்காரர் எழுநூறு ரூபாய் கேட்டார். அக்கா பின்னால் வந்து ஏறியதும் அது முந்நூற்றைம்பதாகக் குறைந்தது. அவர் வெட்கப்படவில்லை. "வெளியில இருந்து வந்தவை எண்டு நினைச்சன் அக்கா" என்று உண்மையை அப்படியே சொன்னார்.

எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். வழி முழுவதும் அவர் எனக்குப் பாடம் நடத்தினார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கையில் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். ஊர்க்காரர் யாரும் சந்தைக்குத் தண்ணீர் காவுவதில்லை. நிழலைத் தேடித் தெருவைக் குறுக்கே கடப்பார்கள். ஏறும்போது விலையைக் கேட்காமல் ஏறிவிட்டு இறங்கும்போது கேட்பார்கள். கனடாக்காரர் உடுப்பில் பெரிய எழுத்து இருக்கும், லண்டன்காரர் மழைக்குப் பயந்த பழக்கத்தில் மெல்லிய மேலங்கி ஒன்றை இடுப்பில் கட்டியிருப்பார்கள், சுவிஸ்காரர் விலையைக் கேட்டுவிட்டு மனத்துக்குள் பிராங்குக்கு மாற்றிப் பார்ப்பார்கள். "நீங்கள் நோர்வே, இல்லாட்டி டென்மார்க்" என்று அவர் முடித்தபோது நான் திகைத்துப் போனேன். "பிள்ளையின்ர சப்பாத்து. குளிர் நாட்டுச் சப்பாத்து" என்றார். வார்டோவில் என்னைப் பார்த்தவர்கள் என்னிடம் கண்டது என் நிறத்தை மட்டுந்தான். இந்தியாவா, பாகிஸ்தானா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. இவரோ சப்பாத்தின் அடியைப் பார்த்து நாட்டைச் சொல்கிறார். பார்த்தால் இப்படிப் பார்க்க வேண்டும் என்று மனத்துக்குள் ஒரு மதிப்பு வந்தது; கூடக் கேட்ட காசை அதற்காக மன்னிக்கலாம்.

சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பருவம் முடியும் காலம் என்பதால் குறைவாகவே இருந்தது. கிலோ அறுநூறு என்று எங்களிடம் சொன்ன ஆச்சி, அக்காவிடம் நானூற்றைம்பதுக்கு நிறுத்தாள். நிறுக்கும்போது அவள் கண் தராசில் இல்லை, மகளின் தலையில் இருந்தது. "ஏன் பிள்ளை தலைமயிரைக் கட்டையா வெட்டினனி? காய்ச்சல் கீய்ச்சல் வந்ததோ?" என்றாள். மகள், ஓடுவதற்கு வசதி என்றாள். ஆச்சி என்னைப் பார்த்து, "ஆற்ற பிள்ளை?" என்றாள். நான் என் தகப்பன் பெயரையும், அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்தையும் சொன்னேன். ஆச்சி ஒரு மாம்பழத்தைக் கூடுதலாகப் பையில் போட்டாள். அந்த மாம்பழத்துக்கு ஈடாகக் கேள்விகளும் வந்தன: எத்தினை வயசு, என்ன படிப்பு, கலியாணம் பேசியாச்சோ, அங்க வெள்ளைக்காரப் பெடியள் ஆரும் உண்டோ. மகளுடைய தமிழ் இடறும் இடங்களில் ஆச்சி சொல்லை எடுத்துக் கொடுத்தாள். பின்னால் நின்ற பெண்கள் தக்காளியைத் தெரிவதை நிறுத்திவிட்டுப் பதிலுக்காகக் காத்து நின்றார்கள். வீட்டுக்கு வந்த மகள் நாலு மணி வரை அறையை விட்டு வெளியே வரவில்லை. அது கோபமில்லை, களைப்பு. நோர்வேயில் ஒரு வருடத்தில் தன்னிடம் கேட்கப்படாத கேள்விகளை ஒரு ஆச்சி ஒரு கிலோ மாம்பழத்துக்குள் கேட்டு முடித்துவிட்டாள் என்றாள்.

ஓகஸ்ட் 14, நல்லூர்

இருபத்தைந்து நாள் திருவிழாவின் நடுவில் வந்திருக்கிறோம். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை மறித்து, செருப்பைக் கழற்ற வைத்து, அங்கப்பிரதட்சணம் செய்பவர்களுக்காக மணல் பரப்பியிருக்கிறார்கள். மாலைத் திருவிழாவுக்குச் சேலை உடுத்துவதென்று மகளே முடிவு செய்தாள். அக்காவின் சேலை அவள் உயரத்துக்குக் கணுக்காலுக்கு மேலே நின்றது. கரையை இறக்கி, இடுப்பில் மடிப்பைக் குறைத்து, ஊசிகள் குத்தி, ஒருவழியாக வெளிக்கிட்டோம்.

தெற்கு வீதியில் ஒரு அம்மா எங்களைக் கடந்து போனவர் திரும்பி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் குனிந்து, மகளின் கொசுவத்தை இழுத்துச் சரிசெய்து, முந்தானையைத் தோளில் ஒதுக்கிவிட்டு, அதே வேகத்தில் கூட்டத்துக்குள் போய்விட்டார். மகள் கல்லாய் நின்றாள். முன்பின் தெரியாத ஒருவர் தன் உடுப்பைத் தொடுவது அவள் வளர்ந்த ஊரில் பொலிசுக்குப் போகக்கூடிய விடயம்.

உள்ளே நெரிசல் கூடக் கூட ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. ஆயிரக்கணக்கான முகங்களும் சுவாமி வெளிவரும் வாசலை நோக்கியே இருந்தன. அவள் எதிர்பார்த்து வந்த கரைந்துபோதல் கொக்குவில் ஒழுங்கையில் கிடைக்காமல் இங்கே கிடைத்தது. ஆனால் அது அதிக நேரம் நிலைக்கவில்லை. அவள் முழங்கைக்குக் கீழே நின்ற, கூன் விழுந்த ஒரு அம்மம்மா அவள் கையைத் தட்டி, "பிள்ளை, நீ உயரம். சாமி எங்க வருகுதெண்டு பாத்துச் சொல்லு" என்றார். மகள் எம்பிப் பார்த்து, "இன்னும் வாசல் இல்ல... இப்ப வாசல்... குடை தெரியுது" என்று தன் உடைந்த தமிழில் சொல்லத் தொடங்கினாள். சுற்றி நின்ற குள்ளமான பெண்கள் எல்லோரும் அவளை நோக்கிக் காதைத் திருப்பினார்கள். "எந்தப் பக்கம் திரும்புது?" "வலது." "எங்கட வலதோ, சாமியின்ர வலதோ?" அவளுக்கு அது பெரிய சிக்கலாகப் போய்விட்டது. சுவாமி எங்களைக் கடக்கும்போது அந்த அம்மம்மா அவள் கையைப் பிடித்தபடியே அரோகரா சொன்னார். பிறகு விட்டுவிட்டார், நாடு கேட்கவில்லை, தகப்பன் பெயர் கேட்கவில்லை.

வெளியே வந்து கச்சான் வாங்கினோம். சிறிய பை இருநூறு ரூபாய். கச்சான் விற்ற பெண் மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கூடைப்பந்து விளையாடுறனீங்களோ?" என்றார். தான் இங்கே வந்த பிறகு கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் தனக்குப் பிடித்தது என்று மகள் சொன்னாள். விளையாடுகிறவள்தான் அவள்.

ஓகஸ்ட் 16, காரைநகர்

மினிபஸ்ஸில் பாட்டும் வெக்கையும் போட்டி போட்டன. பொன்னாலைப் பாலத்தைக் கடக்கும்போது இரு பக்கமும் விரிந்த ஆழமில்லாத கடலைப் பார்க்க மகள் யன்னல் பக்கம் சரிந்தாள். முன் இருக்கையிலிருந்த ஒரு சின்னப் பெடியன் கடலுக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் முழங்கால் ஊன்றி, எங்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கசூரினா கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நெடுந்தூரம் நடக்கலாம். ஊர்ப் பெண்கள் உடுத்த உடுப்போடு இறங்கிக் குளிக்கிறார்கள். மகளும் நீண்ட காற்சட்டையும் மேற்சட்டையுமாகவே இறங்கினாள். நோர்வேயின் குளிர்ந்த நீச்சல் குளத்தில் பழகியவள் கையை வீசி நீந்தத் தொடங்கியதும் கரையில் நின்ற நாலைந்து இளைஞர்களின் கைத்தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக உயர்ந்தன. இதைச் சந்தை ஆச்சியின் பார்வையோடு சேர்த்து, ஊர் வழக்கம் என்று கடந்துபோக எனக்கு மனமில்லை. எழுந்து போய், "தம்பி, அந்தப் போனை ஒருக்காக் காட்டுங்கோ" என்றேன். கடலைத்தான் எடுத்தோம் என்றான் ஒருவன். அப்படியென்றால் கடலை நானும் பார்க்கிறேன் என்றேன். மாங்காய்க்கு உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக்கொண்டிருந்த பெண் கத்தியை வைத்துவிட்டு, அவர்களில் ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கொம்மாட்டைச் சொல்லட்டோ?" என்று உரத்துக் கேட்டார். அதற்குப் பிறகுதான் படங்கள் அழிக்கப்பட்டன. ஆச்சி ஒளிக்காமல் பார்த்தாள், கேட்டாள், பதிலையும் பெற்றுக்கொண்டாள். இவர்களோ பதில் வேண்டாதவர்கள். மகள் துவாயைப் போர்த்திக்கொண்டு வந்து, "இது ஒஸ்லோ பஸ்ஸிலயும் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு அவள் தண்ணீரில் இறங்கவில்லை.

திரும்பும் பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வரவில்லை. நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினோம். பிளேன்ரீயும் பருப்பு வடையும். இருவருக்கும் இருநூற்று நாற்பது ரூபாய். வாங்கில் இருந்த எழுபதைத் தாண்டிய ஐயா ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நோர்வே என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "நோர்வேயோ! அப்ப சீநோர் ஆக்கள்!" என்றார்.

எனக்கு அந்தக் கதை அரைகுறையாகத் தெரியும். 1956 இல் யாழ்ப்பாணத்திலிருந்து நோர்வேக்குப் போன அன்ரனி இராஜேந்திரம், ஆர்னே ஃபியோர்டோஃப்ட் என்ற நோர்வேக்காரரோடு சேர்ந்து 1967 இல் தொடங்கிய மீன்பிடி அபிவிருத்தித் திட்டம் அது. காரைநகரில் படகு கட்டும் துறையும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் அதன் வழியாக வந்தவை. எங்கள் ஆட்கள் நோர்வேக்குப் போக முதல் வழி திறந்ததும் இராஜேந்திரத்தின் தொடர்புகளால்தான். ஐயாவுக்கு இந்த வரலாற்றில் அக்கறையில்லை. அவருக்கு நினைவிருந்தது வெள்ளைக்காரரைப் பார்க்கப் போனது. "பள்ளிக்கூடத்துக்கு ஒளிச்சுப் போறனாங்கள். வெயிலில இறால் மாதிரி சிவந்து நிப்பினம். அவை சாப்பிடேக்க சுத்தி நிண்டு பாப்பம். கையால குழைச்சுச் சாப்பிடத் தெரியாமல் சோறு முழுக்க மடியில கொட்டுப்படும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்பம்."

மகள் வடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "அவைக்குக் கோவம் வரேல்லையோ?"

"ஆருக்குத் தெரியும்?" என்றார் ஐயா. "நாங்கள் கேக்கேல்ல."

சிறிது நேரம் கழித்து அவரே, அவர்களில் ஒருவர் பிறகு பெடியளோடு பந்தடிக்க வருவார் என்றும், தமிழில் கெட்ட வார்த்தைகளை மட்டும் சுத்தமாகப் பேசுவார் என்றும் சொன்னார். எங்கள் தேத்தண்ணிக் காசை அவர் கொடுக்க முயன்றதும், நான் மறுத்ததும், கடைக்காரர் இருவர் கையையும் தட்டிவிட்டு வடைக்கு மட்டும் எடுத்ததும் தனிக்கதை.

ஓகஸ்ட் 18, நயினாதீவு

குறிகட்டுவானுக்குப் போகும் வழியில் புங்குடுதீவைக் கடக்க வேண்டும். கூரையில்லாத கல்வீடுகள், வாசலை மூடி வளர்ந்த பற்றை, பூட்டுத் துருப்பிடித்த படலைகள். வீட்டுக்காரர் பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருக்கிறார்கள். இந்த நீண்ட தெருவில் எங்களைப் பார்ப்பதற்கு ஆளில்லை. ஓட்டோவை நிறுத்தச் சொல்லி மகள் சிறிது தூரம் ஓடினாள். ஆடு ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டு மேயப் போனது. அவள் திரும்பி வந்து, இங்கே ஓட விருப்பமில்லை என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

படகில் நாகவிகாரை என்ற பௌத்த கோயிலுக்குப் போகும் தெற்கத்திக் குடும்பங்கள் வெள்ளை உடுப்போடு நிறைந்திருந்தார்கள். அவர்கள் பார்வையில் நானும் மகளும் உள்ளூர்த் தமிழர்; அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். பக்கத்திலிருந்த அம்மா சிங்களத்தில் ஏதோ கேட்டார், நான் சிரித்தேன், அவர் பிஸ்கட் பக்கற்றை நீட்டினார். காற்றுக்குப் படகு தூக்கித் தூக்கிப் போட்டதில் அந்த அம்மாவும் நானும் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தோம்.

ஓகஸ்ட் 21, யாழ்தேவி

அக்கா கட்டித் தந்த புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கொடிகாமம் வருவதற்குள் பெட்டி முழுவதும் மணந்தது. எதிரே இருந்த அம்மா எங்களை ரயில் நகரும் முன்பே அளக்கத் தொடங்கிவிட்டார். தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், தலைமயிரில் சற்று அதிக நேரம் நின்றார். கிளிநொச்சி கடந்ததும் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "பிள்ளை எந்த நாட்டில இருந்து?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள், "மட்டக்களப்பு, அன்ரி" என்றாள்.

அந்த அம்மா தலையாட்டினார். "அதுதான் பாத்தன், கதை கொஞ்சம் வேற மாதிரிக் கிடக்கு" என்றார். மகள் இவ்வளவு நாளும் பட்ட பாட்டுக்கெல்லாம் இந்த ஒரு பதிலே போதும் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள். மாங்குளம் வரை பெட்டிக்குள் நிம்மதி இருந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா, தன் மருமகள் மட்டக்களப்பில்தான் வங்கியில் வேலை செய்கிறாள் என்று தொடங்கினார்.

"மட்டக்களப்பில எவடம் பிள்ளை?"

மகள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஊரில் ஒரு தெருப் பெயரும் தெரியாது.

"கல்லடி" என்றேன் நான். "பாலத்துக்குக் கிட்ட."

"பாலத்துக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டபடி அந்த அம்மா மருமகளுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்கினார்.